ஆசைக்கு ஒன்று, ஆஸ்திக்கு ஒன்று

பெண் குழந்தை வேண்டாம் என்பவர்களைக் கண்டிக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. உசிலம்பட்டி, கள்ளிப்பால், தொட்டில் குழந்தை என்று ஆரம்பித்தால் போதும், மேடையில் பேசுகிறவருக்கும் கீழே கேட்கிறவருக்கும் தொண்டை அடைத்துவிடும். பெண்தான் வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்களிடம் என்ன சொல்வது? சில காலமாக இது என்னைக் குடைகிறது. அக்கா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். முதல் இரண்டும் பையன்கள். மூன்றாவது பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, கணவனும் மனைவியுமாகக் கருத்தரிப்பு மையம் ஒன்றுக்குப் போய், சோதனைக்கூடத்தில் உருவான கருக்களில் பெண் கருவை மட்டும் கருப்பையில் வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்டில் அதற்குத் தடையில்லை. 'குடும்பச் சமநிலை' என்று பெயர் வைத்து மருத்துவமனைகளே விளம்பரம் செய்கின்றன. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இங்கே அக்கா, வீட்டுக்கு மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. யார் வயிற்றிலிருந்தும் எதையும் கலைக்கவில்லை. நானும் இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ஏதோ நெருடியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்ல முடியாத நெருடலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் தெரியவில்லை. சாதி மாறிக் கல்யாணம் நடக்கிற வீடுகளில் பெரியவர்களுக்கும் இப்படித்தான் ஏதோ நெருடியிருக்கும்.

ஊருக்கு வந்திருந்தபோது அவள் சோதனை அறிக்கையைச் செல்போனில் காட்டினாள். கரு உருவாகி ஐந்தாறு நாளில் நூறு, இருநூறு செல்கள் கொண்ட சிறு திரளாக இருக்கும். பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற வெளி அடுக்கிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கருவை மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடுகிறார்கள். குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. பாலினம் கூடவே தெரிந்துவிடுகிறது. அறிக்கையில் ஒவ்வொரு கருவுக்கும் ஓர் எண், எதிரே தரம், அதற்கும் எதிரே எக்ஸ்எக்ஸ் அல்லது எக்ஸ்ஒய். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மாதிரி இருந்தது. நல்ல தரத்தில் இரண்டு ஆண் கருக்கள் மீதம். தூக்கிப்போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. "அந்த ரெண்டு பசங்களுக்கும் வருஷா வருஷம் வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம் சித்தி" என்று சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. கருவை முழு மனித உயிர் என்று சொல்லிக் கருக்கலைப்பை எதிர்க்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஐந்து நாள் கரு எனக்கு யாரும் இல்லை. அப்படியிருக்க, அவள் 'பசங்க' என்று சொன்னதும் நான் ஏன் செல்போனைச் சட்டென்று திருப்பிக் கொடுத்தேன்? அந்த இரண்டிலும் குறையென்று எதுவும் எழுதியிருக்கவில்லை. பையன் என்பதுதான் குறை.

நம் ஊர் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டிப் பார்த்தேன், மனதுக்குள்தான். ஒன்றும் ஒட்டவில்லை. நாம் பெரும்பாலும் எண்களை வைத்துத்தான் பேசியிருக்கிறோம். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்கிற கணக்கு. தமிழ்நாட்டில் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. சேலம் மாவட்டத்தில் 2001-இல் வெறும் 851. 1990-இல் அமர்த்திய சென் உலகத்தில் பத்துக் கோடிக்கும் மேலான பெண்களைக் காணோம் என்று எழுதியபோது உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. எண்ணுக்கு அந்தச் சக்தி உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? அரசு மருத்துவமனைச் சுவர்களில், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில், பெண் இல்லாவிட்டால் தாய் ஏது, தாரம் ஏது என்று கேட்டோம். பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் போய்விடும் என்று பயமுறுத்தினோம். கொங்குப் பக்கம் முப்பத்தைந்து வயது தாண்டியும் பெண் அமையாமல் பாலக்காட்டுக்குத் தரகர் வைத்துத் தேடிப் போனவர்களின் கதைகள் நமக்குத் தெரியும். பாவம்தான். அதற்காகவா ஒரு பெண் பிறக்க வேண்டும்? யாரோ ஒருவன் வீட்டில் அடுப்பு எரிய ஆள் வேண்டும் என்பதற்காகவா? பெண்ணைக் காப்பாற்ற நாம் சொன்ன காரணமும், பெண்ணை ஒழித்தவர்கள் போட்ட கணக்கும் ஒரே கல்லாப்பெட்டியிலிருந்து வந்தவை. அவர்கள் செலவு என்றார்கள், நாம் வரவு என்றோம். எண்தான் குற்றம் என்றால் அக்கா மகள் செய்தது தர்மகாரியம்: குறைகிற பக்கத்தில் ஒன்றைக் கூட்டியிருக்கிறாள்.

தென் கொரியாவின் கதை இந்த இடத்தில்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இயற்கையாக நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். அங்கே 1990-இல் அது 116-ஐத் தாண்டியது. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1987-லேயே தடைசெய்திருந்தும் அந்த நிலை. பிறகு நகரம், படிப்பு, பெண்களின் வேலை, வம்சத்தலைவன் முறையை ஒழித்த சட்டம் என்று பலதும் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்குள் விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. 2024 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 32 வாரத்துக்கு முன் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று மிச்சமிருந்த தடையையும் நீக்கியது. ஆண் மோகம் தணிந்துவிட்டது, இனி இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோகம் எங்கே போயிற்று? இப்போது அங்கே மகள் வேண்டும் என்பவர்கள் கூடியிருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. மகள் பாசமாக இருப்பாள், வயதான காலத்தில் வந்து பார்ப்பாள் என்கிறார்கள். நம் தெருவிலும் இதே பேச்சுதான்: "கடைசிக் காலத்துல பொண்ணுதான்டி பார்ப்பா, பையன் பொண்டாட்டி பின்னாடி போயிடுவான்." கஞ்சி ஊற்றுகிற வேலையை மகனிடமிருந்து எடுத்து மகளிடம் கொடுத்திருக்கிறோம். எண் சரியாகிவிட்டது. வேலை அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது.

ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண். வளைகாப்பில், பெயர் வைக்கிற விழாவில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் குழந்தைகளை விசாரித்த பிறகு, எத்தனை முறை இதைக் கேட்டிருக்கிறோம். கேட்கிறவரும் சொல்கிறவரும் நல்லவர்கள். இதில் வெறுப்பில்லை, பெண்ணுக்குக்கூட இடம் இருக்கிறது, செல்லமான இடம். சட்டப்படி பார்த்தால் 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தத்தோடு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. ஆஸ்திக்கு ஆண் வேண்டும் என்பதற்குப் பத்திர அலுவலகத்தில் இன்று ஆதாரமில்லை. பேச்சு மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது சொத்தைப் பற்றியதாகவே எப்போதும் இருந்ததில்லை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி, உட்கார ஆள் தேடுகிற பேச்சு அது. ஒன்றில் கொள்ளி வைக்கிறவன் உட்கார வேண்டும். இன்னொன்றில் ஜிமிக்கி போட்டுக்கொண்டு சலங்கை கட்டி ஆடுகிறவள் உட்கார வேண்டும். அக்கா மகள் பட்டுப் பாவாடையைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே காஞ்சிபுரத்தில் வாங்கி வைத்துவிட்டாள். பாட்டு, பரதம், ஆண்டாள் கொண்டை, பூச்சூட்டல் புகைப்படம், எல்லாம் தீர்மானம் ஆகியிருந்தது. அவள் தேர்ந்தெடுத்தது ஒரு குரோமோசோமை. எதிர்பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சுபாவத்தை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை, மகனாகப் பிறந்து மகளாக வாழப் போராடிய ஒவ்வொரு திருநங்கையும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு அளந்திருக்கிறார். இந்தக் குழந்தைக்கும் ஆட்டம் வராமல், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணன்கள் பின்னால் ஓடினால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அவள் நல்ல தாய். இருந்தாலும் அந்தக் குழந்தை ஒருநாள் பதினைந்து வயதுக் கோபத்தில், "நீ காசு கொடுத்து வாங்கினது வேற ஒருத்தியை" என்று சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வாள்?

இந்த இடத்தில் நானே என்னை மடக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பெற்றோர் நாற்காலி போடாமல் இருந்திருக்கிறார்கள்? வைதிக வீடுகளில் மூன்றாம் மாத வாக்கில் செய்கிற பும்சவனச் சடங்கே ஆண் பிள்ளை வேண்டித்தான்; ஆல மொட்டை இடித்துச் சாறெடுத்துக் கர்ப்பிணியின் வலது மூக்கில் விடுவார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள், அரச மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்கள், கூர்வயிறு என்றால் பையன் என்று கண்ணாலேயே ஸ்கேன் பார்க்கிற கிழவிகள், எல்லோருக்கும் விருப்பம் இருந்தது. விருப்பப்படுவதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம், மருந்து வேலை செய்கிறது என்பதைத் தவிர? எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான்: வேண்டுதலில் சாமி கைவிரிக்க இடமிருந்தது. கைவிரித்தபோது மனிதர்கள் சிலர் கோணினார்கள், சிலர் கொன்றார்கள், பெரும்பாலானோர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் பிள்ளையைக் கொஞ்சினார்கள். போதும்பொண்ணு என்று பெயர் வைத்த வீடுகள் உண்டு. வேண்டாம் என்றே வைத்த வீடுகளும் உண்டு. வாழ்நாள் முழுக்க வருகைப்பதிவேட்டில் அந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டு எழுந்து நிற்பது என்ன கொடுமை! ஆனாலும் எழுந்து நிற்க அவள் இருக்கிறாள். கேட்டிராத ஒருத்திக்கு வீடு தன்னை மாற்றிக்கொள்ள நேர்ந்தது, அரைமனதோடாவது.

அவமானப்பட்டு வாழ்வதைவிடப் பிறக்காமல் இருப்பது மேல் என்று இதற்கு எதிர்வாதம் உண்டு. அதைச் சொன்னவர் லேசுப்பட்டவர் இல்லை. தென்னிந்தியாவின் நிலத்தையும் சாதியையும் ஆராய்ந்த பொருளியல் வரலாற்றாசிரியர் தர்மா குமார், 1983-இல், கருவின் பாலினத்தை அறியப் பயன்பட்ட பனிக்குட நீர்ச் சோதனை பற்றிய விவாதத்தில், பிறந்து பட்டினியிலும் புறக்கணிப்பிலும் சாவதைவிடக் கருவிலேயே போவது கொடுமையானதா என்று கேட்டார். பெண்கள் குறைந்தால் அவர்களுக்கு மதிப்புக் கூடவும் வாய்ப்பிருக்கிறது என்றார். மானுடவியலாளர் லீலா துபே அதற்குப் பதில் எழுதினார்: பெண்கள் குறைவாக உள்ள சமூகங்களில் அவர்களைக் கடத்துவதும் விற்பதும் பங்குபோட்டுக்கொள்வதும்தான் நடந்திருக்கிறது, மதிப்பு அப்படி வராது என்பது அவர் வாதம். நடந்ததை வைத்துப் பார்த்தால் துபே சொன்னதுதான் சரியாயிற்று. ஹரியானாவுக்குக் கிழக்கு மாநிலங்களிலிருந்து மணப்பெண்களை விலைக்கு வாங்கி வருவது ஊரறிந்த விஷயம். ஆனால் தர்மா குமாரின் முதல் கேள்விக்கு, அந்தப் பட்டினிக் குழந்தையைப் பற்றிய கேள்விக்கு, யாரும் நேராகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர் அந்தப் பட்டினிக்குப் பொறுப்பாளியாக இல்லாதபோது மட்டுமே அதற்கு ஒரு கண்ணியம் இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது. அதே கேள்வியை மாமியார் கேட்டால் அது மிரட்டல்.

ஸ்கேன் அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். ஏசி குளிர், அதைவிடக் குளிர்ந்த ஜெல் அடிவயிற்றில் விழுகிறபோது உடம்பு தூக்கிப்போடும். கண்ணுக்கு நேரே சுவரில் பலகை: கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பாலினத்தைக் கேட்க மாட்டேன் என்று கர்ப்பிணி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள், பல இடங்களில் வாசிக்காமலே. 1994-இல் வந்து, 2003-இல் கருவுறுதலுக்கு முந்தைய தேர்வையும் சேர்த்துக்கொண்ட சட்டம் இது. அதில் 24ஆம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு பெண் இந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் உட்பட்டாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாசிப்பில் கருணையாகத் தெரிந்தது. மூன்று பெண்ணைப் பெற்றுவிட்டு நாலாவதுக்கு அடிவாங்கிக்கொண்டு வருகிறவளைச் சிறையில் போடாத சட்டம். அடுத்த வாசிப்பில் சின்ன அவமானமாகவும் தெரிந்தது: உனக்கென்று ஒரு விருப்பம், கெட்ட விருப்பமாகவே இருந்தாலும், இருக்க முடியாது என்று சொல்கிற மாதிரி. என் வயதுப் பெண்களில், யாரும் கட்டாயப்படுத்தாமல், தான் பட்ட பாட்டை இன்னொருத்தி படக் கூடாது என்று பையன் வேண்டுமென்றவர்கள் இருக்கிறார்கள். காதுகுத்து, சடங்கு, சீர், தலைப்பிரசவம் என்று கணக்குப் போட்டது அப்பாக்கள் மட்டும் இல்லை. அந்த விருப்பத்தைச் சுதந்திரம் என்பதா, விலங்கைத் தானே பூட்டிக்கொள்வது என்பதா? 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பேசியபோது, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் பேசுகிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகப் பேசுகிறோம் என்று பிரித்துக் காட்டினார். பின்னால் வந்த அரசுகள் அந்த விடுதலையை விட்டுவிட்டுக் கர்ப்பத்தடையை மட்டும் எடுத்துக்கொண்டன. நாம் இருவர், நமக்கு இருவர் என்று ஊரெல்லாம் எழுதினார்கள். இரண்டே இடம், அதில் ஒன்று பையனுக்கு என்றானபோது இரண்டாவது பெண்ணுக்கு இடமில்லாமல் போயிற்று. சிறு குடும்பத்தின் பெருமையைப் பேசுகிற தமிழ்நாடு இந்தக் கணக்கை அதிகம் பேசுவதில்லை.

கருக்கலைப்பு பெண்ணின் உரிமை, காரணம் கேட்காதே என்று சொல்கிற நான், இந்த ஒரு காரணத்தை மட்டும் கேட்கலாம் என்று எப்படிச் சொல்வது? முடிச்சு அவிழவில்லை. நான் செய்யக்கூடியது, அவளை விட்டுவிட்டுக் கருவியை இயக்குகிறவனைக் கேட்பது. சட்டமும் அநேகமாக அதைத்தான் செய்கிறது. மனவளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டுபிடித்துக் கலைக்க அனுமதி, பெண்ணைக் கண்டுபிடித்துக் கலைக்கத் தடை என்கிற முரணும் இருக்கிறது. அதை ஒரு பத்தியில் தொட்டுவிட்டுப் போவது அயோக்கியத்தனம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

உசிலம்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1986-இல் பெண் சிசுக்கொலைக்காக ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் அட்டைக்கு வந்த பிறகு அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. குடும்பநலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. ஏழை வீட்டு வாசலில், எருக்கம்பாலும் நெல்மணியுமாக நடந்ததைப் பார்த்து நாடு அழுதது. அதே ஆண்டுகளில் நகரத்து ஸ்கேன் மையங்களில், வெள்ளைக் கோட்டும் ரசீதுமாக நடந்ததைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அழ அங்கே பிணம் இல்லை. 2001 கணக்கெடுப்பில் நாட்டிலேயே மோசமான விகிதங்களில் ஒன்று செழிப்பான பஞ்சாபுக்கு, ஆயிரத்துக்கு 798. பிணமில்லாமல், ரத்தமில்லாமல், அழுகையில்லாமல் நடப்பதால் ஒன்று சரியாகிவிடுமா என்பதே அக்கா மகளின் அறிக்கையைப் பார்த்தபோது எனக்குள் ஓடியிருக்க வேண்டும். அவள் செய்ததை உசிலம்பட்டித் தாயின் பக்கத்தில் வைப்பது அநியாயம், வைக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்டிருக்கிறோம்.

2007-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு தம்பதி பாலினத் தேர்வைத் தடுக்கும் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார்கள். இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், எங்களுக்குப் பெண் வெறுப்பு இல்லை, சமநிலைக்காக ஒரு மகன் வேண்டும் என்றார்கள். அக்கா மகளின் நியாயம் அப்படியே, பாலினம் மட்டும் மாறி. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2016-இல் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பாலினத்தைச் சொல்லிவிட்டுப் பதிவுசெய்து கண்காணித்தால் என்ன என்று கேட்டார். எதிர்ப்புக்குப் பிறகு அது வெறும் யோசனைதான் என்றார். மருத்துவர்கள் தரப்பிலிருந்தும் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் குரல் அடிக்கடி வருகிறது, படிவம் நிரப்புவதில் ஒரு பிழைக்கும் தண்டனையா என்கிற அவர்கள் புலம்பலில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027-க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டின் 943 ஏறியிருக்கலாம். ஏறினால் சந்தோஷம்தான். உடனே, கொரியாவைப் பார், எண் சரியாகிவிட்டது, சமநிலைக்காகத் தேர்ந்தெடுப்பவர்களையாவது விடலாமே என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் என் அக்கா மகளைப் போலப் பிரியமானவர்களாக இருப்பார்கள், பெண்ணைக்கூடக் கேட்பார்கள். அப்போதும் விடக் கூடாது என்பதே என் கட்சி.